உண்ணிச்செடி: வெட்டினால் போதாது, வேரை எடுங்கள்



பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மலையோரத்தில் மாடு மேய்க்கிறவர்களுக்கு உண்ணிச்செடியை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூத்திருக்கும். கண்ணுக்கு அழகுதான். அந்த அழகுக்காகவே 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தார்கள். இதற்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. பழத்தைத் தின்ற பறவைகள் எச்சத்தோடு விதையைக் காடு மேடெல்லாம் பரப்பிவிட்டன.

"மாடு கடிக்காத செடி, வேலிக்கு நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் சொன்னேன். அது தப்பு. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, வரப்பில் நின்ற செடி மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். புதருக்கு அடியில் புல் தலையெடுக்காது.

மாடு எப்போதும் கடிக்காது என்பதும் சரியில்லை. வறட்சியில் புல் கிடைக்காதபோது பசியால் கடித்துவிடும். வெளியூரிலிருந்து வாங்கிவந்த மாடு தெரியாமல் தின்றுவிடும். இலையிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மாடு தீனி எடுக்காது, சாணம் சரியாகப் போடாது, கண் மஞ்சளாகும். வெயில் பட்டால் மூக்கு, காது, மடியில் தோல் வெந்து உரியும். இந்த அறிகுறி கண்டால் உடனே நிழலில் கட்டுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்"னு இருந்தால் மாடு தங்காது.

சரி, செடியை எப்படி ஒழிப்பது? அரிவாளால் மேலே வெட்டினால் பல கிளையாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அடித்தூரிலிருந்து மறுபடி கிளம்பும். மழை பெய்து மண் இளகியதும், காய் பிடிக்கும் முன்பே, தூரைச் சுற்றி மண்ணைப் பறியுங்கள். தரைமட்டத்துக்கு 2 அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டித் தூரோடு எடுங்கள். எடுத்த செடியை வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகப் போட்டுக் காயவிடுங்கள். அடுத்த மழையில் முளைக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று வருஷம் விடாமல் பார்க்க வேண்டும்.

எடுத்த இடத்தைச் சும்மா போட்டால் அதுவே திரும்ப வரும். மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். வேலிக்குக் கிளுவைப் போத்து நடுங்கள். ஆட்டுக்குத் தழையும் ஆகும்.

காப்புக்காட்டில் இருக்கும் செடியை நாமாக வெட்டக் கூடாது, வனத்துறையிடம் சொல்லுங்கள். இத்தகைய அயல் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது.

ஒருவர் மட்டும் எடுத்தால் பயனில்லை. பக்கத்துக் காட்டில் பழுத்தால் பறவை நம் காட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே இந்த மழைக்கு ஊராகக் கூடி இறங்குங்கள்.