ரத்தம் கம்மின்னா டானிக் போதுமா?

நான் சென்னையில நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவர். இன்னைக்கு நம்ம வீட்டுச் செல்லங்களுக்கு வர்ற ரத்த சோகை பத்திப் பேசலாம்.

கிளினிக்ல நான் அடிக்கடி கேக்குற விஷயம் இது: "டாக்டர், ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. அயர்ன் டானிக் குடுத்தோம், ஈரல் வேக வச்சுக் குடுத்தோம், ஏறவே மாட்டேங்குது." அன்போடதான் செய்றாங்க. ஆனா ரத்த சோகைங்கிறது நோய் இல்லை, ஒரு அறிகுறி. அதுக்கு மூணு வழி இருக்கு. ரத்தம் வெளியே போகலாம், சிவப்பணு உடம்புக்குள்ளேயே உடையலாம், இல்லன்னா எலும்பு மஜ்ஜை புதுசா உற்பத்தி பண்ணாம இருக்கலாம். ரொம்ப நாளா ரத்தம் கசிஞ்சு இரும்புச்சத்து தீர்ந்துபோனா டானிக் உதவும். சிவப்பணு உள்ளேயே உடையும்போது அதுல இருக்கிற இரும்பு பெரும்பாலும் உடம்புலயேதான் தங்கும். அங்க டானிக் குடுத்துக் காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

எந்த வழின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல பி.சி.வி. பார்ப்போம், அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு. நாய்க்குப் பொதுவா 37 முதல் 55 வரை இருக்கணும். அடுத்து, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்ல பார்ப்போம். பல நேரம் கதை அங்கேயே தெரிஞ்சிடும்.

நாயோட சிவப்பணு நடுவுல கொஞ்சம் வெளுத்து, தட்டு மாதிரி இருக்கும். அந்த வெளுப்பு இல்லாம, சின்னதா, உருண்டையா நிறைய அணுக்கள் தெரிஞ்சா எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: நாயோட எதிர்ப்பு சக்தியே அதோட அணுக்களைத் தாக்குதோ? அப்படின்னா எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்துதான் தேவை. "இம்யூனிட்டி பூஸ்டர்" தேடி அலையறதுல அர்த்தமே இல்ல.

பூனையில வேற கதை. சிவப்பணு ஓரத்துல குட்டி முடிச்சு மாதிரி ஒண்ணு துருத்திட்டு நிக்கும். பேரு ஹைன்ஸ் பாடி. ஹீமோகுளோபின் கெட்டுப்போய்க் கட்டியானதோட அடையாளம் அது. நான் கேக்குற முதல் கேள்வி: "வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு குடுத்தீங்களா? காய்ச்சல்னு பாராசிட்டமால் குடுத்தீங்களா?" வெங்காயத்தை வதக்கினாலும் வேக வச்சாலும் அந்த விஷத்தன்மை போகாது. பாதிப்பு தெரியவே சில நாள் ஆகலாம். பாராசிட்டமாலை நம்ம கல்லீரல் மாதிரி பூனையோட கல்லீரலால சமாளிக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணே ஒரு பூனையைக் கொன்னுடலாம். தயவுசெஞ்சு குடுக்காதீங்க. தெரியாம குடுத்துட்டா உடனே ஓடி வாங்க. மாத்து மருந்து இருக்கு, நேரம்தான் முக்கியம்.

அடுத்தது நம்ம ஊர் வில்லன், உண்ணி. உண்ணி பரப்புற பேபீசியா கிப்சோனிங்கிற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே குடியேறி அதை உடைக்கும். 1910-ல பேட்டன்ங்கிற விஞ்ஞானி இதை முதன்முதலா விவரிச்சது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல, வேட்டை நாய்களோட ரத்தத்துல. நூறு வருஷம் தாண்டியும் அது இங்கேதான் இருக்கு. பேபீசியாவுல பெரிய வகை, சின்ன வகைன்னு உண்டு, கிப்சோனி சின்ன வகை. ரெண்டுக்கும் மருந்து வேற. அதனாலதான் டெஸ்ட் எடுக்கச் சொல்றோம், பில் ஏத்துறதுக்கு இல்ல.

நாய் மேல பத்து உண்ணி பார்த்தா, அதைவிடப் பல மடங்கு உங்க வீட்டுச் சுவர் விரிசல்லயும் சோபா அடியிலயும் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டா திரும்ப வரும். மழைக்கு மட்டும்னு இல்லாம, வருஷம் முழுக்க உண்ணித் தடுப்பு வேணும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. உங்க நாயோட உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. இளஞ்சிவப்பா இருக்கணும். விரலால அழுத்தி விட்டா ரெண்டு நொடிக்குள்ள நிறம் திரும்பணும். நாட்டு நாய்ங்க பலதுக்கு ஈறு கருப்பா இருக்கும், அப்போ கீழ் இமையை இறக்கிப் பாருங்க. நல்லா இருக்கும்போது என்ன நிறம்னு தெரிஞ்சாத்தான் வெளுத்தா உங்களுக்குப் புரியும். வெளுப்பு, மஞ்சள், காபி நிறத்துல சிறுநீர், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கறது, இதுல எது இருந்தாலும் காலையில பார்க்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.

கடைசியா ஒண்ணு. பி.சி.வி. 12-க்கு இறங்கி வர்ற நாய்க்கு மருந்து வேலை செய்யற வரைக்கும் உயிரோட இருக்கவே பெரும்பாலும் ரத்தம் ஏத்தணும். அந்த ராத்திரி வாட்ஸ்அப் குரூப் எல்லாம் "டோனர் வேணும்"னு பறக்கும். உங்க வீட்ல 25 கிலோவுக்கு மேல, தடுப்பூசி எல்லாம் போட்ட, ஆரோக்கியமான இளவயசு நாய் இருந்தா, உங்க டாக்டர்கிட்ட இப்பவே டோனரா பதிஞ்சு வைங்க. பூனைக்கு மட்டும் வகை பார்க்காம ரத்தம் ஏத்தவே கூடாது. தப்பான வகைன்னா முதல் தடவையே உயிர் போயிடலாம்.

கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.