கைக்கு அடக்கமான ஜிப் பை
(நமது டிரஸ்ட் தையல் வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)



அன்புச் சகோதரிகளே, தாய்மார்களே! 3 மாதமாக இந்த ஹாலில் மிஷின் மிதித்தீர்கள். சுடிதார் தைத்தாயிற்று, புர்கா தைத்தாயிற்று. கடைசி வாரத்தில் போய் சாவியும் சில்லறையும் போடுகிற ஜிப் பையை ஏன் தைக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் ஒரு சகோதரி இத்தாவில் இருந்தார். (அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.) 4 மாதம் 10 நாள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். இரண்டு பிள்ளைகள். டிரஸ்ட்டிலிருந்து அரிசி, பருப்பு போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் சொல்லியனுப்பினார்: "அரிசி இருக்கு. ஏதாவது வேலை குடுங்க." அளவு கொடுக்க ஆள் வந்து போகாத வேலையாக இருக்க வேண்டும், வெட்டுத்துணியிலேயே முடிய வேண்டும். யோசித்ததில் ஜிப் பைதான் தோன்றியது. அந்த நேரம் ஒரு நிக்காஹ் வீட்டில், வருகிறவர்களுக்குக் கொடுக்க 40 பை கேட்டிருந்தார்கள். துணியும் ஜிப்பும் வெட்டி அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினோம்.

பைகள் அழகாக வந்தன. நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் 9 பை திரும்பி வந்தது. இழுத்தால் ரன்னர் கையோடு வந்துவிடுகிறது! அந்தச் சகோதரி, வாங்கிய கூலியைத் திருப்பித் தருகிறேன் என்று அழுதார். தப்பு அவருடையது அல்ல, எங்களுடையது. ரெடிமேட் ஜிப்பில் ரன்னரை நிறுத்த முனையில் தடை இருக்கும். மீட்டர் கணக்கில் வாங்கும் ரோல் ஜிப்பில் அது இல்லை. பையின் பக்கத் தையல்தான் அங்கே தடை. நாங்களோ ஜிப்பை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, துணியைவிடக் குட்டையாக வெட்டிக் கொடுத்துவிட்டோம். முனை தையலுக்குள் சரியாகச் சிக்கவே இல்லை. கூலி அவருக்கே என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்பதையும் பிரித்து வேறு ஜிப் வைத்துக் கொடுத்தோம். எங்களில் ஒருவருக்கு ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று.

ஆகவே அளவைக் கவனமாகக் கேளுங்கள். தைத்த பை 8 இன்ச் நீளம், 5 இன்ச் உயரம் வர வேண்டுமானால், சுற்றிலும் அரை இன்ச் தையலுக்கு விட்டு 9க்கு 6 வெட்டுங்கள். மேல் துணி 2, லைனிங் 2. நைலான் ஜிப் 10 இன்ச். துணியைவிட 1 இன்ச் கூடுதல். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

மேல் துணியின் நல்ல பக்கம் உங்களைப் பார்க்கட்டும். அதன் 9 இன்ச் ஓரத்தில் ஜிப்பைக் குப்புற வையுங்கள். அதன்மேல் லைனிங்கையும், நல்ல பக்கம் கீழே இருக்குமாறு, குப்புற வையுங்கள். மூன்று ஓரமும் சேர ஒரே தையல். ரன்னர் பக்கத்தில் வந்தால் ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். பிறகு துணியைத் திருப்பி அயர்ன் செய்து மேல்தையல் போடுங்கள். இதை விட்டால் லைனிங் போய் ரன்னரில் மாட்டும். மறுபக்கமும் இப்படியே.

இப்போது ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மூடியபடியே சுற்றித் தைத்துவிட்டு, பையைத் திருப்ப முடியாமல் விழிக்காதவர் நம்மில் யாருமில்லை! மேல் துணியோடு மேல் துணி, லைனிங்கோடு லைனிங், நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு சேர்த்துச் சுற்றித் தையுங்கள். லைனிங்கின் அடியில் 3 இன்ச் இடைவெளி விடுங்கள். ஜிப் முனைகளைக் கடக்கும்போது முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுங்கள். நைலான் பல்லில் ஊசி இறங்கும். மெட்டல் பல்லில் ஊசி உடையும், ஜாக்கிரதை. ரன்னர் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகே வெளியே நீளும் ஜிப்பை வெட்டுங்கள். இடைவெளி வழியாகத் திருப்பி, அந்த வாயைத் தைத்தால் பை தயார்.

இன்னொன்று விலை. வெட்டுத்துணிதானே என்று நாங்கள் முதலில் துணிக்குக் காசே போடவில்லை. துண்டுகள் தீர்ந்து, கடையில் துணி வாங்கப் போனபோதுதான் கணக்கு உதைத்தது. துணி, ஜிப், நூல், கரண்ட் எல்லாம் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். முதல் பைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்துப் பைக்கு மொத்தமாக வெட்டி, மொத்தமாக ஜிப் வைத்துப் பழகினால் பாதியாகக் குறையும். "நம்ம மாமி வீட்டுக்குத்தானே, சும்மா தைச்சுக் குடு" என்பார்கள். ஹதியாவாகக் கொடுக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அது நீங்களாகக் கொடுப்பதாக இருக்கட்டும், மற்றவர்கள் முடிவு செய்வதாக இருக்க வேண்டாம். இங்கே வந்திருக்கும் மாமியார்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் தைத்த பைகள் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுங்கள், உங்களுடையதை அல்ல, பக்கத்தில் இருப்பவர் தைத்ததை. ரன்னரை இரு முனைக்கும் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கேயே பிரித்துத் தைப்போம். பிரிப்பதற்கும் சொல்லித்தருவதற்கும் அந்தச் சகோதரியே வந்திருக்கிறார்; இரண்டாவது மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்.

வஸ்ஸலாம்.