ஆண்டுக்கு ஓர் அங்கி

(தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாளை முன்னிட்டு வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



சூலை 26ஆம் நாள், அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கீன், புனித அன்னா ஆகியோரின் விழா. அதையொட்டி வரும் சூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். இந்த நாள்களில் நம் பங்குகள் பலவற்றில் பெரியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். நற்கருணை கொடுக்கிறோம். சிறிது நேரம் உட்கார்ந்து பேசுகிறோம். காபி வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறோம். எந்த வீட்டிலும் அது எடுபடுவதில்லை.

அப்படிப் போன ஒரு வீட்டைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறோம். நீலகிரி மலையில் உள்ள வீடு. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம். "பேரும் ஊரும் மட்டும் வேண்டாம், சாமி" என்றார்கள்.

அந்த அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 58 வயதில் ஓய்வு பெற்றார். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். கணவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். ஒரே பேரன், இப்போது எட்டு வயது.

டீச்சருக்குக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்த காலத்திலிருந்தே ஸ்வெட்டர் பின்னத் தெரியும். காலைத் திருப்பலி, சமையல் எல்லாம் முடித்துவிட்டுப் பதினொரு மணி வெயிலுக்குத் திண்ணையில் உட்காருவார். விளிம்புக்குப் பத்தாம் எண் ஊசி, உடலுக்கு எட்டாம் எண் ஊசி. "இரண்டு நிட், இரண்டு பர்ல்" என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பின்னுவார். பேரன் பிறந்ததிலிருந்து ஆண்டுக்கு ஒரு ஸ்வெட்டர்.

இந்த இடத்தில் திருவிவிலியத்தில் உள்ள இன்னொரு வீட்டுக்கும் போய் வருவோம். தோபித்து நூலில் வரும் வீடு. நம்மில் பலர் அந்த நூலைத் திருமணத் திருப்பலியில் மட்டும் கேட்டிருப்போம். இளையவர்களான தோபியாவும் சாராவும் மன்றாடும் பகுதி அது. ஆனால் அதன் இரண்டாம் அதிகாரத்தில் முதியவர்களின் கதை ஒன்று இருக்கிறது. தோபித்து ஒரு காலத்தில் அசீரிய அரசன் சல்மனேசருக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் வாங்கித் தந்த அதிகாரி. கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர். பிற்பாடு கண்ணில் வெண்படலம் படர்ந்து பார்வை போய்விடுகிறது. வருமானம் இல்லை. அவருடைய மனைவி பெயர் அன்னா. அவர் நெசவு வேலை செய்து கூலி வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். ஒருநாள் நெய்த துணியை அனுப்பியபோது, உரிமையாளர்கள் முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேலை அவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். ஆட்டுக்குட்டி வீட்டுக்குள் வந்து கத்துகிறது. பார்வையற்ற தோபித்துவுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. இது எங்கிருந்து வந்தது, திருடியதா, உரியவர்களிடம் திருப்பிக் கொடு என்கிறார். கூலிக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று அன்னா சொல்கிறார். அவர் நம்பவில்லை. அப்போது அன்னா திருப்பிக் கேட்கிறார்: நீர் செய்த தருமமெல்லாம் எங்கே, உமது நேர்மையெல்லாம் எங்கே என்று.

நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்கள் சண்டையிட்டால் இப்படித்தான் இருக்கும். எங்கே தொட்டால் வலிக்கும் என்று இருவருக்கும் தெரியும். தோபித்து கெட்டவர் அல்லர். இறந்தவர்களை உயிரைப் பணயம் வைத்து அடக்கம் செய்தவர். அவ்வளவு நல்ல மனிதருக்கும் தம் மனைவியின் கைக்குக் கிடைத்த அன்பளிப்பு அன்பளிப்பாகப் படவில்லை. கணக்கில் வராத பொருளாகவே பட்டது. அந்த ஆட்டுக்குட்டியைச் சமைத்தார்களா, திருப்பி அனுப்பினார்களா என்று நூல் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

நம் மலைவீட்டிலும் ஆட்டுக்குட்டி வந்தது, கம்பளி நூல் வடிவத்தில்.

ஓய்வு பெற்ற கணக்கர் வீட்டில் என்ன செய்வார்? கணக்குத்தான் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, பால் எவ்வளவு வாங்குகிறோம் என்று நோட்டில் எழுதத் தொடங்கினார். ஒருநாள் கம்பளி நூலின் ரசீது அவர் கையில் கிடைத்தது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். கால் கிலோ நூலின் விலைக்கு ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் ஆயத்த ஸ்வெட்டரே வாங்கிவிடலாம். அதோடு, சென்னைப் பையனுக்கு ஸ்வெட்டர் எதற்கு? மருமகளும் ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள்: "அத்தை, இங்கே ஃபேன் போட்டாலும் வேர்க்குது." இதையெல்லாம் சேர்த்து, டீச்சரிடம் அவர் சொன்னது ஒரே வரி: "இதுல யாருக்கு என்ன லாபம்?" போதாக்குறைக்கு, காட்டுமலர்கள் நூற்பதும் இல்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்று மத்தேயு நற்செய்தியையும் துணைக்கு இழுத்தார்.

டீச்சர் பதில் சொல்லவில்லை. ஊசிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அந்த ஆண்டு ஸ்வெட்டர் இல்லை. "சண்டை போட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும், சாமி" என்று பெரியவர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

அன்பர்களே, நம் வீடுகளில் ஓய்வு பெற்றவர்களைப் பற்றி என்ன சொல்கிறோம்? "அப்பா சும்மாதான் இருக்கார்." "அம்மாவுக்குப் பொழுது போகணும்ல." சம்பளம் நின்ற நாளிலிருந்து அவர்கள் செய்வதெல்லாம் பொழுதுபோக்கு என்று பெயர் மாறிவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது, ரேஷன் கடை வரிசையில் நிற்பது, ஊறுகாய் போட்டு அனுப்புவது, வீட்டில் எல்லாருக்காகவும் செபமாலை சொல்வது, எல்லாமே பொழுதுபோக்கு! 1999ஆம் ஆண்டு புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முதியோருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கே 79 வயது. மேலே நின்றுகொண்டு அறிவுரை சொல்பவராக அதை எழுதவில்லை. தாமும் ஒரு முதியவராக, உடன் முதியவர்களுக்கு எழுதினார். கை நடுங்க, நடை தளர, அவர் தம் பணியைத் தொடர்ந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பாவில் தபித்தா இறந்துபோகிறார். பேதுரு வந்ததும் அங்கிருந்த கைம்பெண்கள் அழுதுகொண்டே அவர் செய்து தந்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் நல்லவர், வல்லவர் என்று யாரும் பேசியதாக லூக்கா எழுதவில்லை. துணியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

மலைவீட்டுக்குத் திரும்புவோம். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மகன் குடும்பம் வந்தது. மேட்டுப்பாளையம் வரை வேர்த்துக்கொண்டு வந்த பையன், பேருந்தைவிட்டு இறங்கியதும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டானாம்: "பாட்டி, என் ஸ்வெட்டர் எங்கே?"

அவன் சென்னையில் அதைப் போடுவதே இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பேருந்து நிற்கும் இடத்திலேயே பாட்டி புது ஸ்வெட்டரோடு நிற்பாள், தலைவழியாக மாட்டிவிடுவாள், அப்போதுதான் ஊருக்கு வந்ததாகவே அவனுக்கு அர்த்தம். பழைய ஸ்வெட்டரைத் தேடி எடுத்துப் போட்டார்கள். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. பத்து நாளும் அந்தக் குட்டைக் கையோடு பையன் வீட்டைச் சுற்றி ஓடினான். தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆண்களுக்கு அது எளிதில் வருவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே! சனவரி மாதம் கடைக்குப் போய்க் கால் கிலோ நீலக் கம்பளி நூல் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். ரசீதைக் கடையிலேயே கிழித்துப் போட்டுவிட்டாராம்.

சாமுவேல் முதல் நூலில் இன்னோர் அன்னா இருக்கிறார். பால்குடி மறந்த மகன் சாமுவேலை ஆண்டவருக்கென்று சீலோவில் ஏலியிடம் விட்டுவிட்டு வந்த தாய். ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது அவனுக்கு ஒரு சிறிய அங்கி தைத்துக்கொண்டு போவார் என்று ஒரே ஒரு வசனம் சொல்கிறது. இரண்டாம் அதிகாரம், பத்தொன்பதாம் வசனம். நாம் வேகமாகத் தாண்டிப்போகும் வசனம் அது. கொஞ்சம் நின்று யோசிப்போம். பிள்ளை கண்ணெதிரே இல்லை. போன ஆண்டு தோள் இவ்வளவு இருந்தது, இந்த ஆண்டு எவ்வளவு இருக்கும்? கை எவ்வளவு நீண்டிருக்கும்? பிள்ளையை நினைத்து நினைத்து மனக்கண்ணால் அளந்தால்தான் அந்தத் துணியை வெட்டவே முடியும். அங்கி தைத்து முடிகிறவரை சாமுவேல் தாயின் மடியில்தான் வளர்ந்திருக்கிறான்.

போன ஆண்டு டீச்சருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதுகுப்பக்கம் மட்டும் முடிந்திருந்தது. பின்னல் என்பது பாதி விரல் வேலை, பாதி எண்ணும் வேலை. விரலுக்குப் பழக்கம் இருக்கிறது. எண்ணிக்கை தவறி ஒரு கண்ணி நழுவினால் அது வரிசை வரிசையாகக் கீழே இறங்கி ஓடிவிடும்.  எனவே கணக்கர் நாற்காலியைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எண்ணினார், அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பின்னினார். நழுவிய கண்ணியை ஊக்கால் தூக்கி ஊசியில் ஏற்றவும் கற்றுக்கொண்டார். ஒரு கையை அவரே பின்னிப் பார்த்தார். இழுத்து இழுத்துப் பின்னியதால் அது மற்றதைவிட இறுக்கமாக வந்தது. பிரிக்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நோட்டில் அவர் போட்ட கணக்கு ஒன்றை எங்களிடம் காட்டினார். முதுகுக்கு 80 கண்ணி, 100 வரிசை. முன்பக்கமும் அப்படியே. இரண்டு கைகளையும் சேர்த்தால் ஆறாயிரத்துச் சொச்சம். மொத்தம் 22,000 கண்ணிகளுக்கு மேல். "எட்டு வருசமா இத்தனை தடவை அவனை நினைச்சிருக்கா, சாமி. நான் ரூபாயைக் கூட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

இப்போது அவரே நூற்கவும் செய்கிறார். அந்தக் காலத்துப் பள்ளிகளில் தக்ளியில் நூல் நூற்கச் சொல்லித் தந்தார்கள், நேயர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பழைய பித்தளைத் தக்ளி ஒன்று பரணில் கிடந்தது. நண்பர் ஒருவர் ஒரு பை நீலகிரிச் செம்மறியாட்டுக் கம்பளி கொடுத்தார். மெல்லிய கம்பளி தரும் இனம் அது. சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதை அலசிக் காயவைத்து, பழைய சீப்பால் வாரி, தக்ளியில் திரிக்கிறார். ஓரிடத்தில் கயிறு போலத் தடிப்பு, அடுத்த விரல்கடையில் அறுந்து போகிறது. டீச்சர் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஸ்வெட்டர் பின்ன முடியாதுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனாலும் போன கிறிஸ்மஸ் ஸ்வெட்டரில் மணிக்கட்டு விளிம்பு மட்டும் அந்த நூலில்தான். பேரன் வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, இது தாத்தா செய்தது என்று காட்டினானாம். காட்டுமலர்கள் நூற்பதில்லை என்ற வசனத்தைத் தாத்தா இப்போது எடுப்பதில்லை.

தோபித்து நூலின் பதினோராம் அதிகாரத்தில், தொலைதூரம் போன மகனுக்காக அன்னா வழியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். மகன் வருவதை முதலில் கண்டவர் அவர்தான். பார்வையற்ற கணவரிடம் அவர்தான் சொல்கிறார். ஆட்டுக்குட்டிக்காகச் சண்டையிட்ட அதே இருவர்தான்.

சென்ற வாரம் நாங்கள் போயிருந்தபோது சென்னையிலிருந்து ஓர் உறை வந்திருந்தது. கைப்பேசியில் சொல்லும் அளவை டீச்சர் நம்புவதில்லை. நூலால் அளந்து அனுப்பச் சொல்வார். மூன்று நூல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி, "கை", "நெஞ்சு", "உயரம்" என்று பையனே கோணல் கோணலாக எழுதியிருந்தான். பெரியவர் போன ஆண்டு நூலை எடுத்து வந்து இந்த ஆண்டு நூலின் பக்கத்தில் மேசைமேல் நீட்டி வைத்தார். இரண்டு விரல்கடை வித்தியாசம். இருவரும் அந்த இரண்டு விரல்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நற்கருணை கொடுத்து, செபித்து, காபியும் குடித்துவிட்டு நாங்கள் வாசலுக்கு வந்தபோது டீச்சர் கண்ணி ஏற்றத் தொடங்கியிருந்தார். பெரியவர் எண்ணும் சத்தம் கேட் வரை கேட்டது.