கேட்டு வாங்கும் கூலி

 

கிராமத்துக் கூலியைப் பற்றி ஆராய்ந்தே முடி நரைத்தவன் நான். இன்றும் அதைத்தான் பேசப்போகிறேன்.

2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியது. அவற்றில் விழுப்புரமும் ஒன்று. சில காலம் கழித்து அங்கே கள ஆய்வுக்குப் போனபோது, நடவு வயலில் ஓர் அம்மாவிடம் பேசினேன். அந்தத் திட்டத்தில் நடந்த ஏரி வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வயலில் அப்படியில்லை. நாற்றுக் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் அவங்க குடுக்கிறதுதான் கூலி சார். இப்ப நாங்க கேக்குறோம். கட்டுப்படி ஆவலன்னா ஏரி வேலைக்குப் போயிடுவோம்."

வரப்பில் நின்ற வயல்காரர், "ஆளே கிடைக்கல, எல்லாரையும் சோம்பேறியாக்கிட்டாங்க" என்று நொந்துகொண்டார். அவர் கஷ்டமும் பொய்யில்லை. உரத்துக்கும் டீசலுக்கும் கொடுத்தது போக, நெல்லுக்கு அவர் வைத்ததா விலை? ஆனால் அந்த அம்மா அன்றைக்கு நின்றது அவர் வயலில்தான், கூட்டிக் கேட்ட கூலிக்கு. தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது, கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்று கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு முடித்துவிடுவார்கள். விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும்வரை அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். பிற்பாடு முரளிதரன், நீஹாஸ், சுக்தாங்கர் என்ற பொருளியலாளர்கள் மூவரும் ஆந்திரத்தில் ஆராய்ந்தார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலிப் பட்டுவாடா ஸ்மார்ட் கார்டால் ஒழுங்கான மண்டலங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியிருந்தது. கூடியதில் பெரும்பங்கு திட்டத்துக்கு வெளியே செய்த வேலையில் வந்த பணம். வெளியில் வேலையும் குறையவில்லை. கூலி கொடுப்பவர் நாலே பேர் இருக்கிற ஊரில், போக இன்னொரு இடம் இருந்தால்தான் ஏழையின் பேச்சு எடுபடும். ஏற்றத்தாழ்வு குறைவது அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இது கிராமத்தோடு முடிவதில்லை. பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு உண்டு, நூற்றுக்கு முக்கால் ரூபாய் அவர் பங்கு, மூன்றேகால் ரூபாய் நிறுவனத்தின் பங்கு. கட்டினால் குடும்பத்துக்கே மருத்துவம், பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் வரை விடுப்பு. உங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது கட்டப்பட்டிருக்கிறதா என்று, சேர்ந்த முதல் மாதமே ஒப்பந்தக்காரரிடம் ரசீது கேளுங்கள்.