வாகனக் காப்பீடும் நம் பொறுப்பும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வழக்கமாகக் கல்வி, மருத்துவ உதவி பற்றிப் பேசுவோம். இன்று வண்டியைப் பற்றிப் பேசுகிறோம். சுரங்க ஷிப்டுக்கும், மந்தாரக்குப்பம் கடைவீதிக்கும், வடலூருக்கும் நமக்கு இரு சக்கர வாகனம்தான் கால்.

"லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் கட்டிவிடலாம், விபத்து என்றால் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். இந்த எண்ணம் ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடும்.

மேல்நாடுகளில் பெரிய விதிமீறல் செய்த ஓட்டுநருக்குப் பிரீமியம் ஏறிவிடும். நம் நாட்டில் மூன்றாம் நபர் பிரீமியம் வண்டியின் சிசியைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது, ஓட்டுகிறவரைப் பார்த்து அல்ல. விதிமீறலுக்கு ஏற்பப் பிரீமியம் வசூலிக்கலாம் என்று 2021 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பணிக்குழு ஒன்று பரிந்துரைத்தது. ஆனால் இங்கே தவறுக்கான பெரிய விலை பிரீமியத்தில் தெரிவதில்லை. விபத்து நடந்த பிறகுதான் தெரிகிறது.

எப்படி? 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது: உரிமம் இல்லாதவர் ஓட்டி ஒருவர் பாதிக்கப்பட்டால், நிறுவனம் முதலில் அவருக்கு இழப்பீட்டைக் கொடுக்கும்படி உத்தரவிடலாம். உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தது நிரூபணமானால், அந்தத் தொகையை நிறுவனம் அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அப்போது பல லட்சம் ரூபாய் நம் வீட்டின்மீதும் சம்பளத்தின்மீதும் வந்து விழும். போதையில் ஓட்டினால் சொந்த வண்டியின் பழுதுச் செலவும் கிடைக்காது. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் செல்லுபடியாகும் உரிமம் வேண்டும்.

காப்பீடே இல்லையென்றால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில்தான். முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். மறுமுறை அபராதம் 4,000. 75 முதல் 150 சிசி வண்டிக்கான மூன்றாம் நபர் பிரீமியம், 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, ஆண்டுக்கு 714 ரூபாய். ஒரு மாதத்துக்கு 60 ரூபாய்கூட இல்லை.

தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். பிள்ளை ஆசைப்படுகிறான் என்று 18 வயது ஆகாதவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 திருத்தச் சட்டப்படி அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

காப்பீட்டில் வட்டி கலந்திருக்கிறதே என்று தயங்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். சொந்த வண்டிக்கு விருப்பத்தின்பேரில் எடுக்கும் காப்பீட்டைப் பற்றி ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தின் கட்டாயம். அது நமக்காக அல்ல, நம் வண்டியால் அடிபடக்கூடிய மனிதருக்காக. அடியார்களின் ஹக்கை அந்த அடியாரே மன்னித்தால்தான் உண்டு என்பதை நாம் சிறுவயதிலிருந்தே ஓதி வருகிறோம்.

விபத்து நடந்துவிட்டால் வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாதீர்கள். அடிபட்டவரை முதலில் மருத்துவமனையில் சேருங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும்படி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது. வசதியில்லாதவர்கள் கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று தேதிகளைப் பாருங்கள்: பாலிசி முடியும் தேதி, உரிமம் முடியும் தேதி, பிள்ளையின் பிறந்த தேதி. பாலிசியைப் புதுப்பிக்கப் பணம் இல்லாதவர்கள் கூச்சப்படாமல் நம்மிடம் சொல்லுங்கள். விபத்துக்குப் பின் தர நம்மிடம் பல லட்சம் இல்லை. அதற்கு முன் தர 714 ரூபாய் இருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.