ஒப்புக்கொண்ட வேலையும் ஓர் அமானிதமே

(ஜும்ஆ பயானின் சுருக்கம்)

  

ஏப்ரல், மே மாதங்கள் கோடைக்கானலுக்குச் சீசன். அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் இங்கே பல குடும்பங்களின் ஆண்டு முழுவதும் கழிகிறது. சிறிய விடுதி நடத்தும் ஒருவர் என்னிடம் மனம் நொந்து கூறினார். சீசன் வேலைக்கு ஓர் இளைஞர் சம்மதித்திருந்தார். அவரை நம்பி, வேலை கேட்டு வந்த வேறு இருவரை இவர் திருப்பி அனுப்பிவிட்டார். சேரவேண்டிய நாளில் இளைஞர் வரவில்லை, கைபேசியையும் அணைத்துவிட்டார். வேறோர் ஊரில் கூடுதல் சம்பளமாம்! கூட்டம் மலையேறிய பிறகு வத்தலக்குண்டில் போய் ஆள் தேட முடியுமா? திருப்பி அனுப்பப்பட்ட அவ்விருவரின் பிழைப்புக்கு யார் பொறுப்பு?

கூடுதல் ஊதியம் தேடுவது குற்றமன்று. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க நம் நாட்டுச் சட்டமும் இடந்தராது. ஆனால், சட்டம் விட்டுவிட்டாலும் வாக்கு நம்மை விடுவதில்லை.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ருப் போர். எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். முஸ்லிம்களோ முந்நூற்றுச் சொச்சம். ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்தம் தந்தையாரும் வழியில் குறைஷிகளிடம் சிக்கி, போரில் கலந்துகொள்ள மாட்டோம் என்று வாக்களித்து விடுபட்டிருந்தனர். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட அந்த வேளையிலும், வாக்கைக் காக்கும்படி அவ்விருவரையும் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பகைவருக்குத் தந்த வாக்கே இத்தகையதெனில், பிழைப்புத் தர முன்வந்தவருக்குத் தந்த வாக்கு எத்தகையது?

அப்படியாயின் விலக வழியே இல்லையா? உண்டு. இருவரும் மனமொப்பி உடன்படிக்கையைக் கலைத்துக்கொள்வதை ஃபிக்ஹில் 'இகாலா' என்பர். ஆகவே இளைஞர்களே, ஒளியாதீர்கள். முன்கூட்டியே நேரில் சென்று, உண்மையைச் சொல்லி, விடுவிக்கும்படிக் கேளுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். இயன்றால் மாற்று ஆளையும் காட்டுங்கள்.

முதலாளிமார்களே! கேட்டு வருபவரை இன்முகத்துடன் விடுவியுங்கள், அதற்கு நன்மையுண்டு. வாக்கு உங்களுக்கும் உரியதே. 2023ஆம் ஆண்டு விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று பேசியிருந்த புதிய பட்டதாரிகளிடம், மூன்றரை லட்சத்திற்குச் சம்மதமா என்று கேட்டது. பெரிய நிறுவனம் செய்தாலும் சிறிய விடுதி செய்தாலும், காத்திருந்தவரின் மனம் ஒன்றுபோலத்தான் நோகும். குறைந்த கூலிக்கு வேறோர் ஆள் கிடைத்தார் என்று, வரச்சொன்னவரைக் கைவிடாதீர்கள்.

வாக்கைக் காக்கும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.