நரேலாவும் ஸ்டீவனேஜும்

1946இல் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு புதுநகரச் சட்டம் இயற்றி, முதல் நகராக ஸ்டீவனேஜைத் தேர்ந்தது. லண்டன் தொழிலாளர்க்கு வீடு மட்டுமன்று. ஆலை, பள்ளி, கடைத்தெரு யாவும் அருகே அமைதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் தில்லியில், 1957இல் தோன்றிய வளர்ச்சி ஆணையத்தின் துணைநகர்களுள் ஒன்று நரேலா. 2025 ஜூன் 1 அன்று, பாராபுல்லா வடிகாலைத் தூர்வாரவென்று நீதிமன்ற ஆணைப்படி ஜங்புரா மதராசி முகாமை இடித்தபோது, தகுதியுடையோர் எனக் கணக்கிட்ட குடும்பங்களுக்கு அங்கேதான் வீடு ஒதுக்கினர். விடுபட்டோர்க்கு அதுவுமில்லை. பெண்கள் வீட்டுவேலைக்கு வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர்; பிள்ளைகள் பயின்ற லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியும் அத்தொலைவே. மகளிர்க்குப் பேருந்துக் கட்டணமில்லைதான்; ஆயினும் காலையில் பாத்திரம் துலக்க வேண்டியவர் எப்போது புறப்படுவார்?

தில்லியின் 2015 மறுவாழ்வுக் கொள்கையோ, இருந்த இடத்திலேயே அல்லது 5 கிலோமீட்டருக்குள் குடியமர்த்துக என்கிறது. அதையே கோருகிறோம்.